கணக்குக் கேட்கும் குழுக்கள்



இலக்கியமும் தத்துவமும் கேட்டுப் பழகிய இம்மண்டபத்தில், சட்டமன்றக் குழுக்கள் அரசாங்க இலாகாக்களை மேற்பார்வை செய்யும் முறையைப் பற்றிப் பேச முன்வந்திருக்கிறேன். விஷயம் வறண்டது, அதை நான் மறுக்கவில்லை. ஆயினும், வாக்களித்துவிட்டு வீடு திரும்பிய பிரஜைக்காக, அடுத்த தேர்தல் வரும் வரையிலுள்ள ஐந்தாண்டுக் காலத்தில், அவனுடைய வரிப்பணத்தைச் செலவிடுகின்ற அதிகாரியை எதிரே அமர்த்தி, 'இதை ஏன் இவ்வாறு செய்தீர்?' என்று கேட்பவர் யார் என்று தேடிக்கொண்டு போனால், நாம் சென்று சேரும் இடம் பத்திரிகைகளில் இடம்பெறும் சபை விவாதமன்று. பார்வையாளருக்கு அனுமதியில்லாத ஓர் அறையில், மூடிய கதவுக்குப் பின்னால், அச்சிட்ட வினாப்பட்டியல்களைப் புரட்டிக்கொண்டு இருபது இருபத்திரண்டு பேர் கூடியிருக்கும் ஒரு குழுவின் அமர்வேயாகும்.

கேள்வி நேரம் இருக்கிறதே, ஒத்திவைப்புத் தீர்மானம் இருக்கிறதே, மானியக் கோரிக்கைகளின் மீது விவாதம் இருக்கிறதே, அவை போதாவா என்று கேட்கலாம். அவையெல்லாம் மந்திரியை நோக்கியவை. பொறுப்பாட்சி என்னும் சித்தாந்தத்தின்படி, சபைக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் மந்திரி ஒருவரே. அவருக்குக் கீழே ஆயிரக்கணக்கான கோப்புகளில் கையெழுத்திடுகின்ற அதிகாரிகளைச் சபையின் கண் காண்பதில்லை. அதிகாரி சபைக்கு வருகிறார் என்றாலும், ஓரத்து மாடத்தில் உட்கார்ந்து, துண்டுச் சீட்டில் விவரம் எழுதி மந்திரிக்கு அனுப்புவதோடு அவர் பங்கு முடிந்துவிடும். குழு அறையிலோ இந்த ஏற்பாடு தலைகீழாகிறது. அங்கே மந்திரி அழைக்கப்படுவதில்லை. இலாகாவின் காரியதரிசி தாமே வந்து, தம் வாயால், பிரதிநிதிகளின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். ஜனநாயக நிர்வாகத்தில் அதிகாரி தம் குரலில் பேச நிர்ப்பந்திக்கப்படும் இடம் ஏறக்குறைய இது ஒன்றுதான். ஆகவேதான் இக்குழுக்களை நான் சபையின் உபாங்கமாக அல்லாமல், தனித்த ஒரு ஸ்தாபனமாகவே கருதுகிறேன்.

இம்முறையின் தாயகம் இங்கிலாந்து. கிளாட்ஸ்டன் நிதிமந்திரியாக இருந்தபோது, 1861-ஆம் ஆண்டில் காமன்ஸ் சபை பொதுக் கணக்குக் குழுவை ஏற்படுத்தியது. 1866-இல் நிறைவேறிய சட்டம், அரசாங்கக் கணக்குகளைச் சுயேச்சையாகத் தணிக்கை செய்யும் தலைவர் ஒருவரை நியமித்தது. அதற்கு முன் பார்லிமெண்டு பணத்தை வாக்களித்து வழங்கியது. வழங்கிய காரியத்துக்கே அது செலவாயிற்றா என்று ஆண்டு முடிவில் ஒழுங்காகப் பார்க்கும் வழக்கம் வேரூன்றவில்லை. தணிக்கையாளர் கண்டுபிடித்துச் சொல்ல, குழு கேட்க, இலாகா பதில் சொல்ல, சபைக்கு அறிக்கை போக என்று ஒரு சுற்று அன்று பூர்த்தியாயிற்று. அந்தச் சுற்றில் எந்தக் கண்ணி தளர்ந்தாலும் முழுவதும் தளர்ந்துவிடும் என்பதைப் பின்னால் காண்போம்.

நம் நாட்டுக்கு இக்குழு, மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தங்களின் பயனாக 1921-இல் வந்தது. வந்தது உண்மை, வந்த விதம் வேடிக்கையானது. மத்திய சட்டசபையின் பொதுக் கணக்குக் குழுவுக்குத் தலைமை வகித்தவர், வைசிராயின் நிர்வாக சபையில் நிதி இலாகாவை வகித்த அங்கத்தினரே. முதலாவதாக அப்பீடத்தில் அமர்ந்தவர் ஹெய்லி துரை. குழுவுக்கு வேண்டிய காரியாலய உதவியையும் அதே நிதி இலாகா செய்து கொடுத்தது. செலவிடுவோரே செலவை விசாரிப்போருக்கும் தலைவராக இருந்த இந்த விசித்திரம் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நீடித்தது. 1950 ஜனவரியில் அரசியல் சட்டம் அமலுக்கு வந்த பிறகே குழு சபாநாயகரின் ஆளுகைக்கு உட்பட்டது; மந்திரி எவரும் அதில் அங்கத்தினராகக் கூடாது என்ற விதியும் நிலைபெற்றது. ராஜ்ய சபையினர் எழுவர் பின்னர்ச் சேர்க்கப்பட்டு, இன்று லோக் சபையிலிருந்து 15 பேரும் ராஜ்ய சபையிலிருந்து 7 பேருமாக 22 அங்கத்தினர்கள் அதில் இருக்கிறார்கள். விகிதாசாரப் பிரதிநிதித்துவ முறையில் அவர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பதவிக் காலம் ஓராண்டு.

ஆனால் 1950-க்குப் பின்னும் ஒரு குறை இருந்தது. தலைவர் ஆளுங்கட்சியைச் சேர்ந்தவராகவே இருந்துவந்தார். எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஒருவரே கணக்குக் குழுவுக்குத் தலைமை வகிக்க வேண்டும் என்ற ஆங்கிலேய சம்பிரதாயம் இங்கே வேர்கொள்ளப் பதினேழு ஆண்டுகள் ஆயின. 1967-ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரஸின் பலம் சபையில் வெகுவாகக் குறைந்த பிறகு, சபாநாயகர் சஞ்சீவ ரெட்டி அவர்களின் காலத்தில், மினு மஸானி அப்பதவியில் அமர்த்தப்பட்டார். அவர் சார்ந்திருந்த சுதந்திராக் கட்சி, 1959-இல் ராஜாஜி இதே சென்னையில் தொடங்கியது என்பதை இங்கு நினைவூட்டுவது மிகையாகாது. அவருக்குப் பின் வந்த தலைவர்களில் வாஜ்பாயி ஒருவர்; 1971 முதல் 1973 வரை இரா. செழியன் அவர்கள் தலைமை வகித்தார். எழுத்தில் இல்லாத சம்பிரதாயம் ஒன்று, எழுதிய விதிகள் பலவற்றைக் காட்டிலும் உறுதியாக நின்றுவிட்டதற்கு இது ஒரு நல்ல உதாரணம்.

இனி, குழு எதை வைத்துக்கொண்டு கேட்கிறது? அங்கத்தினர்கள் கணக்கு நிபுணர்கள் அல்லர். வழக்கறிஞரும் விவசாயியும் ஆசிரியரும் தொழிற்சங்கத் தலைவரும் கலந்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு ஆதாரமாக இருப்பவர் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர். அரசியல் சட்டத்தின் 148 முதல் 151 வரையுள்ள பிரிவுகள் அவருக்கு அந்தஸ்தும் பாதுகாப்பும் தருகின்றன. அவருடைய அறிக்கைகள் ஜனாதிபதியின் வழியாகப் பார்லிமெண்டிலும், கவர்னரின் வழியாக மாநிலச் சட்டசபைகளிலும் வைக்கப்படுகின்றன. அவ்வறிக்கையில் இடம்பெறும் ஒவ்வொரு குறையையும் செகரடேரியட் வழக்கில் 'பாரா' என்பார்கள். தணிக்கைக்கு வந்தவர்கள் முதலில் இலாகாவிடம் விளக்கம் கேட்கிறார்கள். விளக்கம் திருப்தி தராவிட்டால் குறிப்பு வரைவுப் பாராவாகிக் காரியதரிசியின் மேஜைக்கு வருகிறது. பதில் சொல்ல ஆறு வாரம் தவணை. அந்த ஆறு வாரத்தில் அலுவலகம் படுகிற பாட்டை அருகிலிருந்து கண்டவர்கள் அறிவார்கள். பழைய கோப்புகள் அலமாரியிலிருந்து இறங்குகின்றன. மாற்றலாகிப் போனவர்களுக்குக் கடிதம் பறக்கிறது. எப்படியாவது பாராவை 'டிராப்' செய்ய வைத்துவிட வேண்டும் என்பதே அப்போதைய ஒரே லட்சியம். தப்பாத பாரா அறிக்கையில் அச்சேறிவிட்டால், அதற்கு மேல் அது அலுவலகத்தின் சொத்தன்று, சபையின் சொத்து.

குழுவின் விசாரணைப் பொருள் திருட்டும் லஞ்சமும் மட்டும் என்று எண்ணுவது தவறு. பெரும்பாலும் அது சாதாரண விஷயங்களையே பார்க்கிறது. சபை ஒரு காரியத்துக்கு வாக்களித்த தொகைக்கு மேல் ஓர் இலாகா செலவிட்டுவிட்டால், அந்த மிகுதி எவ்வளவு அற்பமானதாயினும், 115-ஆம் பிரிவின்படி மீண்டும் சபையின் அனுமதி வேண்டும். அதற்கு முன், மிகுதி ஏன் நேர்ந்தது என்று கணக்குக் குழு விசாரித்துச் சிபாரிசு செய்ய வேண்டும். செலவிடாமல் விட்ட தொகையும் அதே அளவு சந்தேகத்துக்கு உரியது. பதினொரு மாதம் உறங்கிக் கிடந்த ஒதுக்கீட்டை மார்ச்சு மாதக் கடைசி வாரத்தில் அவசர அவசரமாகச் செலவிடுவதும், முடியாதபோது 'சரண்டர்' செய்வதும், அதையும் மறந்து காலாவதியாக விடுவதும் நம் நிர்வாகத்தின் நாள்பட்ட வியாதிகள். ஊருக்கு வர வேண்டிய குடிநீர்த் திட்டம் வராமல் போனதற்குத் திருடன் எவனும் காரணமாக இல்லாமல், உரிய காலத்தில் நகராத ஒரு கோப்பே காரணமாக இருப்பதுண்டு. அந்தக் கோப்பைத் தேடிப்பிடித்து, எந்த மேஜையில் எத்தனை மாதம் கிடந்தது என்று கேட்கிறவர்கள் இவர்கள்தாம்.

சாட்சிய நாளன்று அறையின் அமைப்பே ஒரு கதை சொல்லும். தலைவருக்கு வலப்பக்கத்தில் தணிக்கைத் தலைவர். எதிரே காரியதரிசியும், அவருக்குப் பின்னால் கோப்புகளைச் சுமந்த உதவியாளர்களும். பக்கத்தில் சொல்லுக்குச் சொல் பதிவு செய்யும் சுருக்கெழுத்தாளர்கள். வினாப்பட்டியல் முன்கூட்டியே இலாகாவுக்குப் போய், எழுத்து மூலமான பதில்கள் வந்திருக்கும். ஆகையால் அன்று கேட்கப்படுவன பதிலில் மறைந்து நிற்கின்ற இடைவெளிகள் பற்றிய கேள்விகள். 'டெண்டர் திறந்த நாளுக்கும் உத்தரவு போட்ட நாளுக்கும் இடையே பதினான்கு மாதம் ஏன்?' என்பது போன்ற, கேட்பதற்கு எளிய, பதில் சொல்வதற்குக் கடினமான கேள்விகளே வலிமை வாய்ந்தவை. ஆவேசமான பிரசங்கத்தை அதிகாரி தலை குனிந்து கேட்டுக்கொண்டு தப்பிவிடுவார். தேதியைக் கேட்டால் தப்ப முடியாது. நெருக்கடி முற்றும்போது, 'விவரங்களைச் சேகரித்துக் குறிப்பாக அனுப்பிவைக்கிறேன்' என்ற வாக்கியத்தில் அவர் அடைக்கலம் புகுவதும் உண்டு. சில வேளை அது நியாயமான பதில். பல வேளை கால அவகாசம் தேடும் தந்திரம். இரண்டையும் வேறுபடுத்தி அறிகிற தலைவர் வாய்த்தால் குழுவுக்கு உயிர் உண்டு.

இவ்வளவு அதிகாரம் படைத்தது போல் தோன்றும் இக்குழு, ஒருவரைப் பதவி நீக்கம் செய்ய முடியாது. ஒரு ரூபாய் அபராதம் விதிக்க முடியாது. அதன் சிபாரிசு அரசாங்கத்தைக் கட்டுப்படுத்துவதும் இல்லை. உத்தரமேரூர்க் கல்வெட்டைத் தொடாமல் நம்மூரில் இத்தகைய சொற்பொழிவு எதுவும் முடிவதில்லை என்பதால், நானும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பராந்தக சோழன் காலத்து அக்கல்வெட்டில் குடவோலை முறையைக் கண்டு பூரிப்பவர்கள் பலர். வாரியம் எனப்பட்ட குழுவில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மட்டுமன்றி அவருடைய உறவினரும் மீண்டும் வாரியத்துக்குத் தகுதியற்றவர் என்று அங்கு விதித்திருப்பதை எடுத்துரைப்பவர் சிலரே. அவ்வூர்ச் சபைக்கும் இன்றைய பார்லிமெண்டுக்கும் வம்சத் தொடர்பு எதுவும் இல்லை. ஆயினும், கணக்குக் காட்டாமைக்குத் தண்டனையை விதியிலேயே வைத்துக் கட்டிய அவர்களோடு ஒப்பிடும்போது, நாம் தண்டனையே இல்லாத ஒரு விசாரணையை நம்பி நிற்கிறோம் என்பது விளங்கும்.

அந்த நம்பிக்கை வீணாகவில்லையா? சில சந்தர்ப்பங்களில் வீணாகியிருக்கிறது. சுதந்திரம் பெற்ற மறு ஆண்டே, காஷ்மீர் யுத்தத்தின் தேவைக்காக, லண்டனில் ஹைகமிஷனராக இருந்த வி. கே. கிருஷ்ண மேனன் காலத்தில் ஜீப்பு வண்டிகள் வாங்குவதற்குச் செய்துகொண்ட ஒப்பந்தத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். சுமார் 80 லட்சம் ரூபாய் ஒப்பந்தம்; பெரும்பகுதி பணம் முன்னதாகவே கைமாறிவிட, வந்து இறங்கியவை 155 வண்டிகள் மட்டும். பொதுக் கணக்குக் குழு இதைக் கடுமையாகக் கண்டித்து, மேல் விசாரணை வேண்டும் என்றது. 1955 செப்டம்பரில் உள்நாட்டு மந்திரி கோவிந்த வல்லப பந்த், விஷயம் முடிந்துவிட்டதாகவே அரசாங்கம் கருதுகிறது என்று அறிவித்தார். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் மேனன் மந்திரி சபையில் இடம்பெற்றார். புதிய குடியரசின் முதற் பெரும் கணக்கு வழக்கு இவ்வாறு முடிந்தமை, குழுவின் கௌரவத்துக்கு நல்ல தொடக்கமாகாது என்பதே என் அபிப்பிராயம்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் முந்திரா விவகாரத்தை வைத்துப் பார்க்கலாம். அது குழுவின் வழியாக வந்ததன்று. 1957 டிசம்பரில், ஆளுங்கட்சியைச் சேர்ந்த பெரோஸ் காந்தி லோக் சபையில் எழுப்பியது. ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன், ஹரிதாஸ் முந்திராவின் ஆறு கம்பெனிகளில் ஏறக்குறைய 1.25 கோடி ரூபாய்க்குப் பங்குகள் வாங்கியது ஏன், யார் சொல்லி என்பதே கேள்வி. நீதிபதி சக்லா பம்பாயில் பகிரங்கமாக விசாரித்தார். கூட்டம் தாங்காமல் வெளியே ஒலிபெருக்கி வைக்க நேர்ந்தது. 1958 பிப்ரவரியில் அறிக்கை வெளிவந்து, நிதிமந்திரி டி. டி. கிருஷ்ணமாச்சாரி ராஜிநாமா செய்தார். தம் காரியதரிசி செய்த காரியத்துக்கு மந்திரியே பொறுப்பு என்று சக்லா முடிவு கூறியிருந்தார். நிதிக் காரியதரிசி எச். எம். படேலும் குறைகூறப்பட்டார். இந்த வேகமும் வெளிச்சமும் அல்லவா வேண்டும் என்று தோன்றும். ஆனால் பின்கதையையும் பார்க்க வேண்டும். கிருஷ்ணமாச்சாரி 1963-இல் மீண்டும் நிதிமந்திரியானார். படேல் 1977-இல், ஜனதா அரசாங்கத்தில், தாமே நிதிமந்திரியானார். வீழ்ந்தவர் இருவரும் எழுந்துவிட்டனர். எழுந்ததைக் குறையாகச் சொல்லவில்லை. மனிதரைத் தண்டிப்பது நிலைத்த பயனாகாது என்று காட்டவே சொல்கிறேன். நிலைத்து நின்றது எது என்றால், தன்னாட்சி பெற்ற கார்ப்பரேஷனின் காரியத்தில் அரசாங்கம் தலையிடலாகாது, தலையிட்டே தீர வேண்டுமென்றால் உத்தரவை எழுத்தில் கொடுக்கும் பொறுப்பிலிருந்து நழுவலாகாது என்று சக்லா வகுத்த நியதி.

எழுத்தில் கொடுக்க வேண்டும் என்னும் இந்த நியதியைத்தான் நான் இச்சொற்பொழிவின் மையமாக வைக்க விரும்புகிறேன். மிகக் குறைந்த விலை கேட்டவரை விடுத்து அடுத்தவருக்கு ஒப்பந்தத்தைக் கொடுக்கலாம் என்று ஓர் அதிகாரி கருதுகிறார். காரணம் நியாயமானதாகவே இருக்கலாம். அல்லது மேலிடத்திலிருந்து வந்த வாய்மொழியாக இருக்கலாம். அப்போது, அனுபவமுள்ள ஒரு சூப்பிரண்டெண்டு, 'சார், நாளைக்கு ஆடிட்டில் கேட்பார்கள், காரணத்தை நோட்டில் எழுதிவிடுங்கள்' என்கிறார். அதிகாரியின் பேனா ஒரு கணம் தயங்குகிறது. நியாயமான காரணம் என்றால் அது எழுதப்பட்டு நிர்வாகத்தின் ஞாபகத்தில் நிற்கிறது. எழுத முடியாத காரணம் என்றால், பல சமயங்களில் காரியமே நின்றுவிடுகிறது. அந்தக் கோப்பு ஒருநாளும் டில்லிக் குழு அறைக்கோ சென்னைக் கோட்டைக்கோ போகப்போவதில்லை. ஆயிரத்தில் ஒரு கோப்புதான் போகும். போகாத அந்த 999 கோப்புகளின் மீது குழு செலுத்துகிற ஆட்சியே அதன் மெய்யான ஆட்சி. ஆகவே, எத்தனை பேர் தண்டனை பெற்றார்கள் என்று கேட்டுக் குழுவை அளப்பது, எத்தனை பேரைப் பிடித்தது என்று கேட்டு ஊர்க் கலங்கரை விளக்கத்தை அளப்பது போன்றதாகும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு; அதை மறைப்பது நேர்மையன்று. நாளைக்குக் கேட்பார்கள் என்ற நினைவு, நல்ல அதிகாரியைக் கவனமுள்ளவராக்குவது போலவே, கோழையான அதிகாரியை முடிவே எடுக்காதவராகவும் ஆக்கிவிடுகிறது. நிதி இலாகாவின் அபிப்பிராயம், சட்ட இலாகாவின் அபிப்பிராயம், நிபுணர் குழுவின் அபிப்பிராயம் என்று கோப்பைச் சுற்றுக்கு விட்டு, தாம் மாற்றலாகிப் போகும் வரை கையெழுத்தைத் தள்ளிப்போடுபவர் மீது பாரா எழுதுவது அரிது. எடுக்காத முடிவுக்கு வவுச்சர் இல்லை அல்லவா? நல்லெண்ணத்தோடு செய்த பிழைக்கும் அசட்டையால் நேர்ந்த நஷ்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குழு தன் அறிக்கையில் துலங்க எழுதாவிட்டால், அதன் கண்டனம் சோம்பேறிகளுக்கே அரணாக முடியும். தணிக்கையாளர் சொன்னதையெல்லாம் அப்படியே ஒப்பிக்கிற குழு இந்தக் குற்றத்திலிருந்து தப்ப முடியாது.

மதிப்பீட்டுக் குழுவைப் பற்றியும், 1964-இல் ஏற்பட்ட பொதுத்துறை நிறுவனங்கள் குழுவைப் பற்றியும் விரித்துச் சொல்ல நேரம் இல்லை. மதிப்பீட்டுக் குழு 1950-இல் தோன்றியது. அதன் முதல் தலைவர் அனந்தசயனம் ஐயங்கார் என்பதும், லோக் சபையினர் 30 பேர் மட்டுமே அதில் இருப்பார்கள் என்பதும், சிக்கனத்துக்கு வழி சொல்வது அதன் பணி என்பதும் இப்போதைக்குப் போதும். ஆனால் உறுதிமொழிக் குழுவை அவ்வாறு கடந்து செல்ல மனம் வரவில்லை. 1953 டிசம்பரில் லோக் சபையில் அமைக்கப்பட்ட இது, நம் நாட்டின் சொந்தக் கண்டுபிடிப்பு என்றே பலர் சொல்வார்கள். சபையில் மந்திரி எழுந்து, 'விஷயம் பரிசீலனையில் இருக்கிறது', 'விசாரித்துச் சொல்கிறேன்', 'தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது' என்கிறார். சபை திருப்தியடைந்து அடுத்த கேள்விக்குப் போகிறது. சொன்னவரும் கேட்டவரும் மறந்துவிடுகிறார்கள். இந்தக் குழு மறப்பதில்லை. எந்தெந்த வாசகங்களைப் பேசினால் அது வாக்குறுதியாகும் என்று ஒரு பட்டியலே வைத்துக்கொண்டு, அன்றன்றைய நடவடிக்கைக் குறிப்பிலிருந்து அவற்றைப் பொறுக்கியெடுத்து, மூன்று மாதத்துக்குள் நிறைவேற்றினீரா என்று அந்தந்த இலாகாவைத் துரத்துகிறது. மனித சுபாவத்தை நன்கு அறிந்த யாரோ ஒருவர்தான் இதைக் கற்பித்திருக்க வேண்டும்.

துரத்துதல் என்ற இந்தக் குணமே கணக்குக் குழுவுக்கும் ஜீவநாடி. முதல் அறிக்கை வெளியாகும் நாளில் பத்திரிகைகளில் தலைப்புச் செய்தி வரும். எதிர்க்கட்சியினர் மேற்கோள் காட்டுவார்கள். அதற்குப் பின் ஆறு மாதத்தில் அரசாங்கம் என்ன செய்தது என்று பதில் அனுப்ப வேண்டும். அப்பதில்களை வைத்துக் குழு இரண்டாம் அறிக்கை ஒன்றை வெளியிடும். அதை யாரும் படிப்பதில்லை. என் மாணவர்களுக்கு நான் சொல்வது, முதல் அறிக்கையை விட்டுவிட்டு இந்த இரண்டாவதைப் படியுங்கள் என்பதே. அதற்கு ஐந்து அத்தியாயங்கள்: முதலாவது குழுவின் அறிக்கை, இரண்டாவது அரசாங்கம் ஏற்றுக்கொண்ட சிபாரிசுகள், மூன்றாவது, பதிலைப் பார்த்தபின் குழு மேற்கொண்டு வற்புறுத்த விரும்பாதவை, நான்காவது, பதில் திருப்தி தராமல் குழு மீண்டும் வலியுறுத்துபவை, ஐந்தாவது, இடைக்காலப் பதிலோடு நிற்பவை. இரண்டாவது அத்தியாயம் தடித்திருப்பதைக் கண்டு மயங்கலாகாது. 'குழுவின் கருத்து வருங்கால வழிகாட்டுதலுக்காகக் குறித்துக்கொள்ளப்பட்டது' என்று எழுதுவதும் ஏற்றுக்கொள்வதுதான். நான்காவது அத்தியாயத்தில்தான் இலாகாவும் குழுவும் மெய்யாக முட்டிக்கொள்கின்றன. அது மெலிந்துகொண்டே போனால் ஒன்று நிர்வாகம் திருந்திவிட்டது, அல்லது குழு களைத்துவிட்டது என்று அர்த்தம். முதற் காரணத்தை நம்ப எனக்கு ஆசைதான்.

களைப்புக்குக் காரணங்கள் உண்டு. செலவு நடந்து, கணக்கு முடிந்து, தணிக்கையாகி, பாராவாகிக் குழுவின் முன் வருவதற்குள் ஆண்டுகள் உருண்டோடிவிடுகின்றன. உத்தரவிட்டவர் ஓய்வு பெற்றிருப்பார். பதில் சொல்ல வந்தவர் அந்த நாற்காலிக்குச் சென்ற மாதம்தான் வந்திருப்பார். 'அக்காலத்தில் நான் இப்பொறுப்பில் இல்லை' என்பது உண்மையான பதில். அதே சமயம் பொறுப்பு என்பதையே காற்றில் கரைத்துவிடும் பதிலும் அதுவே. இங்கிலாந்தில் இலாகாவின் நிரந்தரக் காரியதரிசி, கணக்கு அதிகாரி என்ற முறையில் தாமே கணக்குக் குழுவுக்குப் பொறுப்பாளி. மந்திரியின் உத்தரவு முறையற்றது என்று கண்டால் எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்து, எழுத்தில் உத்தரவு பெற்றுக்கொண்டுதான் காரியத்தை நடத்த வேண்டும். நம் நாட்டிலும் 2017-ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளில் 70-ஆவது விதி, காரியதரிசியைத் தம் அமைச்சகத்தின் தலைமைக் கணக்கு அதிகாரத்தர் என்று பெயரிட்டுப் பொறுப்பாக்கியிருக்கிறது. விதி இருக்கிறது, ஆட்சேபத்தை எழுதிவைக்கும் வழக்கம்தான் இன்னும் வளர வேண்டியிருக்கிறது. மேலும், குழுவின் ஆயுளோ ஓராண்டு. புதிய அங்கத்தினர் கோப்பின் வாசனையை அறிந்துகொள்வதற்குள் பதவி முடிந்துவிடுகிறது.

1993-இல் துறைவாரியான நிலைக் குழுக்கள் பதினேழு ஏற்பட்டபோது, நடந்து முடிந்ததை மட்டுமன்றி நடக்கப்போவதையும் பார்க்க ஒரு வழி பிறந்தது. 2004-க்குப் பின் அவை இருபத்து நான்கு. மானியக் கோரிக்கைகளையும் மசோதாக்களையும் அவை பரிசீலிக்கின்றன. அங்கும் சாட்சி சொல்ல வருபவர் காரியதரிசியே. பிரேதப் பரிசோதனை என்று கணக்குக் குழுவைக் கேலி செய்தவர்களுக்கு இது ஓரளவு பதிலாகும். ஆயினும் மசோதாவை இக்குழுக்களுக்கு அனுப்பியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

கடைசியாக, மூடிய கதவைப் பற்றி. அமெரிக்காவில் செனட்டுக் குழுக்களின் விசாரணை பகிரங்கமாக நடக்கும். 1941-இல் யுத்தத் தளவாடச் செலவுகளை ஆராய 15,000 டாலர் ஒதுக்கீட்டோடு தொடங்கிய குழு, அதன் தலைவர் ஹாரி ட்ரூமனை நாடறியச் செய்து, அவர் உப ஜனாதிபதியாவதற்கும் வழி வகுத்தது. 1973-இல் வாட்டர்கேட் விவகாரத்தைச் செனட்டர் எர்வினின் குழு விசாரித்ததைத் தேசமே தொலைக்காட்சியில் பார்த்தது. இங்கிலாந்தின் கணக்குக் குழுவும் இன்று சாட்சியத்தை வெளிப்படையாகவே கேட்கிறது. நம் குழுக்களோ அந்தரங்கமாகவே கூடுகின்றன. கதவைத் திறந்தால் அங்கத்தினர்கள் கேள்வி கேட்பதை விட்டுப் பிரசங்கம் செய்யத் தொடங்குவார்கள், கட்சி வேற்றுமை தலைதூக்கும், அதிகாரி மனம் திறந்து பேச மாட்டார் என்று சொல்கிறார்கள். முதலிரண்டு அச்சங்களுக்கும் ஆதாரம் இருக்கிறது. பெரும் அரசியல் விவகாரங்களில் கதவு மூடியிருந்தபோதே குழு கட்சிவாரியாகப் பிளந்திருக்கிறது: இரண்டாம் தலைமுறை அலைக்கற்றை விவகாரத்தில் 2011-இல் முரளி மனோகர் ஜோஷி தலைமையிலான கணக்குக் குழுவின் வரைவு அறிக்கை குழுவுக்குள்ளேயே நிராகரிக்கப்பட்ட காட்சியை நாம் மறக்கவில்லை. ஆனால் அதே நிகழ்ச்சி, இரகசியம் ஒற்றுமையைக் காப்பாற்றாது என்பதையும் காட்டிவிட்டது. மூன்றாவது அச்சத்தை நான் ஒப்புக்கொள்வதற்கில்லை. பொதுப் பணத்தைச் செலவிட்ட விதத்தைப் பொது மக்களுக்குக் கேட்கும்படி சொல்லத் தயங்குகிற அதிகாரி, மூடிய அறையிலும் மனம் திறந்துவிடப் போவதில்லை.

அறிக்கையை வரையும் ஆலோசனையும், தேசப் பாதுகாப்பு பற்றிய சாட்சியமும் மூடிய கதவுக்குள்ளேயே நடக்கட்டும். மற்றைய சாட்சியங்களைப் பரீட்சார்த்தமாக, ஆண்டுக்கு ஒருசில பாராக்களின் மட்டிலேனும், பத்திரிகையாளரும் பொதுமக்களும் கேட்கும்படி நடத்திப் பார்க்கலாம். இதற்கு அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை. 118-ஆம் பிரிவு பார்லிமெண்டின் இரு சபைகளுக்கும், 208-ஆம் பிரிவு மாநிலச் சட்டசபைகளுக்கும், தத்தம் நடவடிக்கை விதிகளைத் தாமே வகுத்துக்கொள்ளும் உரிமையைக் கொடுத்திருக்கின்றன. லோக் சபையின் விதிகளில், குழுக்கள் அந்தரங்கமாகக் கூடும் என்று சொல்வது 266-ஆவது விதி. ஒரே வரி. டில்லி சபை திருத்தும் வரை காத்திருக்க வேண்டிய அவசியமும் நம் மாநிலச் சட்டப் பேரவைக்கு இல்லை.